திரையில் நம் பெயர் உண்டு. நம் வீடு உண்டா?

சினிமாவைப் பற்றி நம் இதழ் பேசலாமா என்று வினவும் அன்பர்கள் இருக்கின்றனர். அவர்தம் தயக்கத்தை நாம் அறிவோம். நம் பெரியவர்களுள் பலர் கொட்டகையின் பக்கம் தலைவைத்தும் படுத்தவரில்லை. பொழுதைக் கொல்லும் வேடிக்கை, நாணத்தைக் குலைக்கும் ஆட்டம் என்று அவர்கள் சொன்னதில் இன்றும் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். முன்பு படம் பார்க்க மனிதன் கொட்டகைக்குப் போனான். இன்று படம் மனிதனைத் தேடி வீட்டுக்கு வருகிறது. கூடத்துத் தொலைக்காட்சியிலும் பிள்ளைகளின் கைப்பேசியிலும் அது குடியேறிவிட்டது. நாம் பார்க்க மறுத்தாலும் அண்டை வீட்டார் பார்க்கிறார்கள். நம் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் அமரும் பிள்ளை பார்க்கிறது. நம் வாசற்படியை ஒருநாளும் மிதித்திராத இலட்சக்கணக்கானோர்க்கு, முஸ்லிம் என்றால் திரையில் கண்ட முஸ்லிம்தான். ஆதலின் அந்த முஸ்லிம் யார், அவனை எவ்வளவு வரைந்திருக்கிறார்கள், எதை வரையாமல் விட்டிருக்கிறார்கள் என்று கேட்பது நம் கடமையாகிறது.

அண்மை ஆண்டுகளில் வெளிவந்த நான்கு படங்களை முன்வைத்து அக்கேள்வியை எழுப்ப விரும்புகிறோம். 2023ஆம் ஆண்டில் வந்த ‘அயோத்தி’, ‘ஃபர்ஹானா’ என்பன இரண்டு. 2024ஆம் ஆண்டில் வந்த ‘லால் சலாம்’, ‘அமரன்’ என்பன இரண்டு. இவற்றுள் சில நம்மைப் புகழ்ந்தன. சில நம்மை வருத்தின. புகழ்ச்சியையும் வருத்தத்தையும் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, உண்மை எவ்வளவு என்று மட்டும் பார்ப்போம்.

ஒரு சிறுமியின் கேள்வி

‘அயோத்தி’யை நாம் வீட்டாரோடு அமர்ந்து பார்த்தோம். மந்திரமூர்த்தி இயக்கிய படம். அயோத்தியிலிருந்து இராமேசுவரத்துக்கு யாத்திரை வருகிறது ஒரு குடும்பம். தமிழ் தெரியாத அக்குடும்பத்தின் தாய், வழியில் நேர்ந்த விபத்தில் இறந்துபோகிறாள். தீபாவளி நாள், ஊரெல்லாம் வெடிச் சத்தம், அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கின்றன. உடலை விமானத்தில் ஏற்றிச் சொந்த ஊருக்கு அனுப்ப எத்தனை சான்றிதழ், எத்தனை கையொப்பம், எத்தனை கெஞ்சல்! முன்பின் அறியாத ஓர் இளைஞன் இத்தனையையும் தன் தலைமேல் போட்டுக்கொண்டு ஓடுகிறான். சசிகுமார் அப்பாத்திரத்தை மிகையின்றி நடித்திருக்கிறார். மனைவியை வதைத்தவரும் மதப் பிடிவாதம் மிகுந்தவருமான அந்தக் குடும்பத் தலைவர், விடைபெறும் வேளையில்தான் அவன் பெயரைக் கேட்கிறார். அப்துல் மாலிக் என்கிறான் அவன்.

நம் கண்களும் கலங்கின என்பதை மறைப்பதற்கில்லை. மரித்தவரின் உடலுக்குச் செய்யவேண்டிய மரியாதையை மதம் பாராமல் செய்வது நம் மார்க்கம் கற்பித்த பண்பு. அப்பண்பைத் தமிழ்த் திரை இத்தனை கண்ணியத்தோடு காட்டியது கண்டு நெஞ்சு நிறைந்தது. ஆனால் பக்கத்தில் இருந்த மகள் மட்டும் கேட்டாள்: “வாப்பா, அந்தக் காக்காக்கு உம்மா இல்லியா? அவிய வீட்டைக் காட்டவே இல்லியே?”

வீட்டைக் காட்டினால் பெயர் வெளிப்பட்டுவிடும், பெயர் வெளிப்பட்டால் கடைசிக் காட்சி இல்லை என்று கதையின் கட்டுமானத்தை விளக்கினோம். அவள் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அன்றிரவு எண்ணிப் பார்த்தபோது, நாம் சொன்னது சமாதானம், அவள் கேட்டதே விமரிசனம் என்று பட்டது.

அக்கடைசிக் காட்சியின் வலிமை எதில் நிற்கிறது? ‘இவன் முஸ்லிமாக இருப்பான் என்று நினைக்கவில்லையே’ என்னும் வியப்பில் நிற்கிறது. அவ்வியப்பு எங்கிருந்து வந்தது? தொப்பியும் தாடியும் கண்ணில் மையும் இல்லாமல் முஸ்லிம் இருக்கமாட்டான் என்று காண்போரைப் பல பத்தாண்டுகளாகப் பழக்கியது திரைப்படந்தான். இராமநாதபுரம் சீமையில் பேருந்தில் நம் பக்கத்தில் அமர்பவரும், கடையில் பொட்டலம் கட்டித் தருபவரும் மாலிக்காக இருக்கலாம். அவர் பேசுவது அந்த மண்ணின் தமிழே. அங்குள்ளோர்க்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. திரை தான் வளர்த்த அறியாமையைத் தானே ஒருமுறை உடைத்திருக்கிறது. அதற்கு நம் நன்றி உரியது. உடைத்த பின்னர்த்தான் ஒரு முஸ்லிமின் கதை தொடங்கவேண்டும். அந்த இடத்தில் படம் முடிந்துவிடுகிறது.

இரவல் பெயர்கள்

இது இன்று தோன்றிய வழக்கமன்று. பீம்சிங் இயக்கத்தில் 1961இல் வெளிவந்த ‘பாவமன்னிப்பு’ நினைவுக்கு வருகிறது. சமய நல்லிணக்கத்தைத் தமிழ்த் திரை பேசிய படங்களுள் தலையாயது அது. நாகூர் ஹனீபாவின் குரல் அதில் ஒலித்தபோது மகிழாத முஸ்லிம் வீடு இருந்திராது. சிவாஜி கணேசன் ஏற்ற ரஹீம் பாத்திரம் அன்பின் வடிவம். ஆயினும் அந்த ரஹீம் பிறப்பால் ஓர் இந்து; முஸ்லிம் வீட்டில் வளர்ந்தவன். நல்ல முஸ்லிமைக் கதாநாயகனாக்கத் துணிந்த கதைக்கு, பிறப்பில் ஒரு பாதுகாப்பு தேவைப்பட்டது.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1995இல், ‘பாட்ஷா’ வந்தது. அப்பெயர் ஊரெங்கும் முழங்கியது. கதையில் அது கொலையுண்ட முஸ்லிம் நண்பனின் பெயர். மாணிக்கம் அதைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்கிறான். பெயர் நிலைத்தது, பெயருக்குரியவன் சில காட்சிகளோடு மறைந்தான். 2013இல் வந்த ‘விஸ்வரூபம்’ இதைத் தலைகீழாக்கிற்று. அங்கே முஸ்லிம் ஒருவர் இந்துப் பெயருக்குள் மறைந்து வாழ்ந்து, பின்னர் வெளிப்படுகிறார். ஒருபுறம் இரவல் வாங்கப்படும் பெயர்; மறுபுறம் ஒளித்துவைக்கப்படும் பெயர். ‘அயோத்தி’யில் அது கடைசி நொடிவரை பொத்திவைக்கப்பட்ட பெயர். இவ்வளவு காலமும் தமிழ்த் திரை முஸ்லிமின் பெயரோடுதான் விளையாடிக்கொண்டிருக்கிறது.

1995ஆம் ஆண்டின் மற்றொரு படம் மணிரத்தினத்தின் ‘பம்பாய்’. நெல்லைச் சீமையின் கடலோர ஊரில் தொடங்கும் கதை. நம் வீட்டுக்கு மிக அருகில் வந்த கதை. அதில் இந்துத் தந்தையாக நாசரும் முஸ்லிம் தந்தையாக கிட்டியும் நடித்தனர். முஸ்லிம் கலைஞர் நாராயண பிள்ளையானார், மற்றவர் பஷீரானார். இருவரும் நன்றாகவே நடித்தனர். இதில் நமக்குக் குறையில்லை. நடிகன் எந்தப் பிறப்பினன் என்பது பொருட்டன்று. நாசர் அவ்வளவு இயல்பாகப் பிள்ளைவாளாக நிற்க முடிந்தது எதனால்? கீழக்கரையில் பிறந்த ராஜ்கிரண், வேட்டியை மடித்துக் கட்டிய தமிழ்க் கிராமத்துப் பெரியவராகத் தலைமுறை தலைமுறையாக மனத்தில் நிற்பது எதனால்? அவர்களுக்குத் தமிழ் தாய்மொழி என்பதால். அந்தத் தாய்மொழியைத் திரை முஸ்லிம் பாத்திரத்துக்கு மட்டும் ஏன் கொடுக்க மறுக்கிறது என்பதே நம் வழக்கு.

மன்னித்துக்கொண்டே இருப்பவர்

ஐஸ்வர்யா ரஜினிகாந்த் இயக்கிய ‘லால் சலாம்’ 2024 பெப்ரவரியில் வந்தது. ரஜினிகாந்த் இம்முறை பெயரை இரவல் வாங்கவில்லை. மொய்தீன் பாயாகவே வருகிறார். அந்த அளவில் இது ஒரு முன்னேற்றம். கிரிக்கெட் ஆட்டத்தில் எழுந்த பகை மதப் பகையாக மூட்டிவிடப்படுகிறது. மொய்தீனின் மகன் கையை இழக்கிறான். ஊர்க் கோயில் தேரும் திருவிழாவும் அரசியலின் பகடைக்காய்களாகின்றன. எல்லாவற்றுக்கும் பிறகும் மொய்தீன் நல்லிணக்கத்தின் பக்கமே நிற்கிறார்.

நோக்கம் நல்லது, நாட்டுக்கு இன்று வேண்டியது. நோக்கம் மட்டும் போதுமெனில் விமரிசனம் தேவைப்படாது. மன்னிப்பு நம் மார்க்கத்தின் மணிமகுடம். மக்கா வெற்றியின் நாளில் பெருமானார் (ஸல்) அவர்கள் பகைவரை மன்னித்ததை ஓதியே நம் பிள்ளைகள் வளர்கின்றனர். ஆனால் மன்னிப்பவனுக்கும் குருதி உண்டு. மகன் கையை இழந்த தந்தை பகலில் மன்னித்துவிட்டு இரவில் என்ன செய்வார்? தூங்குவாரா? மனைவியின் முகத்தைப் பார்ப்பாரா? தஹஜ்ஜுத் தொழுகையில் எதைக் கேட்டு அழுவார்? அந்த இரவைக் காட்டுவதே கலை. படம் மொய்தீனின் நடையைக் காட்டுகிறது. மேடைப் பேச்சுப்போல் அமைந்த வசனங்களைக் காட்டுகிறது. அவ்விரவை நமக்குத் தரவில்லை. ஒரு கதையில் ஒருவர் மட்டும் ஓயாமல் மன்னித்துக்கொண்டே இருக்கவேண்டுமெனில் அதற்கு நல்லிணக்கம் என்று பெயர் வைக்க முடியுமா? பிழையே செய்யாதவராக நம்மைக் காட்டுவதும் நம்மை மனிதராகக் காட்டாமைதான்.

‘அமரன்’ வேறு வகை. ராஜ்குமார் பெரியசாமி இயக்கத்தில் 2024 அக்டோபர் இறுதியில் வந்தது. காஷ்மீரில் 2014 ஏப்ரலில் உயிர்நீத்து, அசோக சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்வைச் சொல்வது. அவ்வீரரின் தியாகத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். கணவனை இழந்த மனைவியின் துயரைச் சாய் பல்லவி நடித்த விதம் எந்த மதத்தவரையும் உலுக்கும். குறை வேறிடத்தில் இருக்கிறது. வீரரின் வீட்டை, காதலை, பிள்ளையின் மழலையை அத்தனை நுணுக்கமாகக் கண்ட கேமரா, காஷ்மீர மக்களைப் பெரும்பாலும் துப்பாக்கியின் குறிவட்டத்தின் வழியாகவே பார்க்கிறது. அங்கும் அடுப்பெரியும் வீடுகள் உண்டு, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் உண்டு என்பதற்கு இரண்டு காட்சி ஒதுக்கியிருந்தால் வீரரின் பெருமை குன்றியிராது. அவர் நின்ற இடத்தின் சிக்கல் விளங்கி, பெருமை கூடியே இருக்கும்.

அப்படம் ஓடிக்கொண்டிருந்தபோது, 2024 நவம்பரில், நெல்லை மேலப்பாளையத்தில் ஒரு திரையரங்கின்மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. செய்தவர் எவராயினும் அது இழிசெயல். ஒரு படத்தின் பொய்யை நூறு கட்டுரைகள் எழுதி மறுக்கலாம். ஒரு குண்டு அந்த நூறு கட்டுரைகளையும் எரித்துவிடும். படம் சொன்னது சரிதான் போலும் என்று, நம்மை அறியாத நல்லவர்களையும் எண்ணவைத்துவிடும்.

கதவு திறந்த ஒரு வீடு

இந்நான்கினுள் நம் வீட்டுக் கதவைத் திறக்க முயன்ற படம் நெல்சன் வெங்கடேசன் இயக்கிய ‘ஃபர்ஹானா’. வருந்தத்தக்க செய்தி, நம்மவர் சிலரின் எதிர்ப்பை மிகுதியாகச் சந்தித்ததும் அதுவே. ‘தி கேரளா ஸ்டோரி’ என்னும் இந்திப்படம் கிளப்பிய புழுதி அடங்காத நேரம். அதே 2023 மே மாதத்தில் இப்படமும் வந்தது. முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டே கண்டனங்கள் எழுந்தன. கதாநாயகியாக நடித்த ஐஸ்வர்யா ராஜேஷின் வீட்டுக்குக் காவல் போடவேண்டிய நிலைமை உண்டாயிற்று. ஒரு படம் நம்மை அவதூறு செய்ய வந்தது. மற்றொன்று நம்மை அறிய வந்தது. இரண்டையும் ஒரே தராசில் இட்டோம்.

கதை சென்னை திருவல்லிக்கேணியில் நடக்கிறது. செருப்புக் கடையை நம்பி வாழும் குடும்பம், வியாபாரம் நொடித்துவிட்டது. மார்க்கப் பற்றுள்ள தந்தை, வாய்பேசாத அன்பு கொண்ட கணவன், மூன்று பிள்ளைகள். மருத்துவச் செலவுக்கும் வழியில்லாத நிலையில் ஃபர்ஹானா அழைப்பு மையம் ஒன்றில் வேலைக்குச் சேர்கிறாள். கூடுதல் வருமானத்துக்காக, முகம் அறியாத ஆடவரோடு தொலைபேசியில் பேசும் பிரிவுக்கு மாறுகிறாள். இனிக்கப் பேசும் ஒரு குரல் அவளை ஈர்க்கிறது. பிறகு அதே குரல் அவளை வேட்டையாடுகிறது.

அவள் தொழுகிறாள், தொழுதுவிட்டு வேலைக்குப் போகிறாள், தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று உள்ளூர நடுங்குகிறாள், வீட்டில் பொய் சொல்கிறாள், அந்தப் பொய்யின் பாரத்தைச் சுமக்கிறாள். ஈமானும் இல்லாமையும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்த் திரை இவ்வளவு அருகில் நின்று பார்த்தது அரிது. தந்தையின் கண்டிப்பைப் படம் கேலி செய்யவில்லை. சந்தேகிக்க எல்லா உரிமையும் உள்ள கணவன் மனைவியின்மீது வைக்கும் நம்பிக்கையோ, நம் குடும்பங்களுக்குச் செய்த மரியாதை. அத்தந்தையாக நடித்தவரும் கிட்டியே. 1995இல் பஷீராக வந்தவர் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அஜீஸாக வருகிறார். பஷீர் ஒரு மதத்தின் பிரதிநிதியாக நின்றார். அஜீஸ் கடன்பட்ட ஒரு கடைக்காரராக நிற்கிறார். இடைப்பட்ட காலத்தில் திரை கற்றுக்கொண்டது இவ்வளவு.

குறைகளும் உள. பிற்பாதியில் குடும்பக் கதை மறைந்து துரத்தல் கதை மேலெழுகிறது. வீட்டின் நெருக்கடி பின்னால் தள்ளப்படுகிறது. அக்குடும்பத்தின் பேச்சில் ஊர்மணம் குறைவு. தமிழ் முஸ்லிம்களும் உருது முஸ்லிம்களும் கலந்து வாழும் திருவல்லிக்கேணியில், இவர்கள் எந்த ஊர்த் தமிழைச் சுமந்து வந்தவர்கள் என்பது காதில் விழவில்லை. நம் பெண்கள் வேலைக்குச் செல்வதும் அதிலுள்ள தடுமாற்றங்களும் நம் வீடுகளில் நாள்தோறும் பேசப்படும் பொருள். திரை பேசினால் மட்டும் அது எப்படி அவதூறாகும்?

நாஞ்சில் மண்ணின் தமிழ்

ஊர்மணம் என்றோம். அதன் அருமை நம் குமரி மாவட்டத்தாருக்குத் தெரிந்த அளவு பிறர்க்குத் தெரியுமா என்பது ஐயமே. இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் நூறு பொருள்களை ஒருங்கே கவனித்துச் சதாவதானம் செய்தவர். வள்ளலாரின் அருட்பாவுக்காக மேடையேறி வாதிட்டவர். தக்கலையில் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி ஆண்டுதோறும் கூடியிருந்து பாடப்படுகிறது. இந்த மண்ணில் தமிழ் நமக்கு வேற்றாருடைய மொழியாக ஒருநாளும் இருந்ததில்லை. நாம் நமாஸ் என்பதில்லை, தொழுகை என்கிறோம். ரோஜா என்பதில்லை, நோன்பு என்கிறோம். ஈத் என்பதைவிடப் பெருநாள் என்பதே நம் உம்மாமார் வாயில் வரும் சொல். வாப்பா, உம்மா, காக்கா என்ற அழைப்புகள் நம் முற்றத்தில் ஒலிப்பவை. திரையில் நாம் நெடுங்காலம் கேட்டதோ, ‘நம்பள்’, ‘நிம்பள்’ என்று தமிழை உடைத்துப் பேசும் சேட்டின் குரல். உருது பேசும் சகோதரர்கள் தமிழகத்தில் உண்டு. அவர்கள் மொழியும் மதிப்புக்குரியது. ஆனால் தமிழ் முஸ்லிம் அத்தனை பேருக்கும் அந்த உடைந்த தமிழை மாட்டிவிட்டது அறியாமை. எல்லாரையும் ‘பாய்’ என்ற ஒற்றைச் சொல்லால் அடக்குவதும் அதன் தொடர்ச்சியே.

அந்த முற்றத்தின் மொழியை உலகறியச் செய்தவர் தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் (1944-2019). அவருடைய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ நம் சமுதாய ஏடான ‘முஸ்லிம் முரசு’வில் தொடராக வந்து, 1988இல் நூலாயிற்று. ‘சாய்வு நாற்காலி’க்கு 1997ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. மீரான் நம்மைப் புகழ்ந்தா எழுதினார்? குடும்பப் பெருமையில் ஊரையே மிதித்த முதலாளியையும், மார்க்கத்தின் பெயரால் ஏமாற்றிய தங்ஙளையும், ஆங்கிலப் பள்ளியைக் கண்டு அஞ்சிய ஊராரையும் எழுதினார். நம்மவருள் சிலர் அன்று முகஞ்சுளித்தனர். இன்று அந்நூல்களைப் படிக்கும் பிறமதத்து நண்பர்கள் முஸ்லிம்களை வெறுத்தா மூடிவைக்கின்றனர்? ஓர் ஊரையே தெரிந்துகொண்ட நிறைவோடு மூடிவைக்கின்றனர். குறையோடு காட்டப்பட்ட மனிதனைத்தான் மனிதன் நம்புவான்.

நாஞ்சில் நாட்டு எழுத்திடம் கடன் வாங்கத் தமிழ்த் திரை தயங்கியதில்லை. நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ 2002இல் ‘சொல்ல மறந்த கதை’யாயிற்று. ஜெயமோகனின் ‘துணைவன்’ என்னும் கதையிலிருந்து 2023இல் ‘விடுதலை’ பிறந்தது. சினிமா இந்த மண்ணுக்கு அயலுமன்று, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நாகர்கோவில் தந்த செல்வம். அந்தத் திரை தேங்காய்ப்பட்டணத்துக் கரையோரமும் வந்து நின்று, மீரானின் மனிதர் பேசுவதைச் செவிமடுக்கவேண்டும். 2012இல் சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’ இதற்கு ஒரு கீற்றளவு வழி காட்டியது. அதில் சமுத்திரக்கனி ஏற்ற உதுமான் கனி, படகு கட்டும் முஸ்லிம். கிறித்தவ மீனவ இளைஞனுக்கும் அவருக்கும் உள்ள உறவு படகின் வழியாக வளர்கிறது. அவருக்கு ஒரு தொழில் இருக்கிறது, கையில் உளி இருக்கிறது, கடலைப் பற்றிய கவலை இருக்கிறது. சிறு பாத்திரந்தான், ஆனாலும் நெஞ்சில் தங்கிற்று.

களியக்காவிளைக்கு அப்பால்

குமரி மாவட்டத்தார்க்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. 1956வரை திருவிதாங்கூரோடு இருந்த நாம் இன்றும் மலையாளப் படங்களை அயற்படங்களாக எண்ணுவதில்லை. களியக்காவிளையைத் தாண்டினால் வேறு வகையான முஸ்லிமைத் திரையில் காண்கிறோம். 1970இல் பி.என். மேனோன் இயக்கிய ‘ஓளவும் தீரவும்’ ஆற்றங்கரை மாப்பிள்ளைமாரின் வாழ்வை அவர்கள் பேச்சிலேயே சொன்னது. 1990இல் அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘மதிலுகள்’ வைக்கம் முகம்மது பஷீரையே கதைமாந்தராக்கிச் சிறைச்சுவருக்கு இப்பால் நிறுத்தியது. 2018இல் வந்த சக்கரியாவின் ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ மலப்புறத்துக் கால்பந்துக் குழு ஒன்றின் கதை. காயமுற்ற ஆப்பிரிக்க ஆட்டக்காரனை மஜீதின் தாயும் அண்டை வீட்டு மூதாட்டியும் தம் பிள்ளைபோல் பேணுகின்றனர். மொழி தெரியாது, அன்பு தெரியும். அதே வீட்டில் மஜீது தாயின் இரண்டாம் கணவரோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. விருந்தினனிடம் அத்தனை கனிவு. வீட்டுப் பெரியவரிடம் அத்தனை இறுக்கம். இதுவன்றோ மனித வீடு!

மலையாளத் திரை குற்றமற்றது என்று நாம் சொல்லவில்லை. அங்கும் தொப்பி வைத்த வில்லன்கள் ஏராளம். ஆனால் அந்த வில்லனுக்கு மறுமொழியாக ஒரு மஜீதும் அவன் உம்மாவும் அங்கே இருக்கிறார்கள். அவர்களைப் படைத்தவர்களுள் முஸ்லிம் இளைஞரும் உளர். நம் பக்கத்தில் வில்லனுக்கு மறுமொழி ஒரு தியாகிதான்.

நம் பங்கு

இதுவரை பிறரைக் கேட்டோம். இனி நம்மைக் கேட்டுக்கொள்வோம். 2012இல் ‘துப்பாக்கி’க்கு எதிராகக் குரல் எழுப்பினோம், காட்சிகள் சில நீக்கப்பட்டன. 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ தமிழகத்தில் இரு வாரங்கள் தடைப்பட்டது. பேச்சுவார்த்தைக்குப் பின் சில இடங்கள் வெட்டப்பட்டும் ஒலி அடக்கப்பட்டும் பெப்ரவரி 7 அன்று வெளிவந்தது. அன்றைய மனப்புண் உண்மையானது. முறையிடும் உரிமையும் நமக்குண்டு. ஆயினும் கணக்குப் பார்ப்போம். சில நிமிடக் காட்சிகள் போயின; அவ்விடத்தில் நம்மைப் பற்றிய உண்மை ஏதேனும் வந்து அமர்ந்ததா? எதைக் காட்டாதே என்று கேட்டோம். எதைக் காட்டு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுக்க நம் கையில் கதை ஆயத்தமாக இருந்ததா? வெட்டிய இடம் வெற்றிடமாகவே கிடக்கிறது; அதில் அடுத்த படம் அடுத்த தீவிரவாதியைக் கொண்டுவந்து வைக்கிறது.

இனி ஒரு படம் நம்மைப் பற்றி வரும்போது மூன்று கேள்விகள் கேட்டுப் பழகுவோம். இந்த மனிதன் தன் வீட்டில் என்ன தமிழ் பேசுகிறான்? என்ன தொழில் செய்து சோறுண்கிறான்? பிழை செய்யவும், செய்த பிழைக்கு வருந்தவும் அவனுக்கு இடமிருக்கிறதா? இம்மூன்றும் இல்லாத படம் நம்மைப் புகழ்ந்தாலும் கைதட்டவேண்டியதில்லை. இம்மூன்றும் உள்ள படம் நம் குறையைச் சொன்னாலும், முன்னோட்டம் பார்த்துக் கொதிக்காமல், முழுதும் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

திரைக்கலை கற்க விரும்பும் பிள்ளையை ‘குடும்ப மானம் போச்சு’ என்று அதட்டி அமர்த்திவிடுகிறோம். பிறகு நம் கதையைப் பிறர் தவறாகச் சொல்கிறார்கள் என்று வருந்துகிறோம். மார்க்கத்தின் வரம்புக்குள் நின்று கண்ணியமாகக் கதை சொல்ல இயலாதென்று யார் சொன்னது? நம் உம்மும்மாக்களின் பேச்சை, குளச்சல் கடற்கரையின் விடியலை, நோன்புக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் எல்லா மதத்துப் பிள்ளைகளையும், வளைகுடாவிலிருந்து வரும் அழைப்புக்காகக் காத்திருந்து கண்பூத்த மனைவிமாரையும் எழுதுவதற்கு நம்மைவிட உரியவர் யார்? முதலில் எழுதுவோம். எழுதி வைத்தால் ஒருநாள் படமாகும், இன்ஷா அல்லாஹ்.

மகள் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. அந்தக் காக்காவுக்கு உம்மா உண்டு. நாளெல்லாம் ஓடிய மகன் இரவு வீடு திரும்பும்போது, சோற்றை மூடிவைத்துவிட்டு இஷாத் தொழுகைப் பாயிலேயே கண்ணயர்ந்திருப்பாள். “எங்கடே போனா இவ்வளவு நேரம்?” என்று கடிந்துகொள்வாள். அவன் சொன்னதைக் கேட்டதும், முகம் தெரியாத அந்த அயோத்திப் பெண்ணுக்காக அழுவாள். அந்தக் காட்சியை எடுக்கப்போகிறவர் நம் வீடுகளுள் ஒன்றில் இன்று வளர்ந்துகொண்டிருக்கலாம்.